குற்றாலத்தில் இரண்டு ராத்திரி: ரூம் எங்கே போடலாம்?

பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அம்மா ஆரம்பித்துவிட்டார். "எய்யா, சாரல் நல்லா விழுதாம். ஒரு தடவ மெயின் அருவில தலைய நனச்சிட்டு வந்துருவமா?" ஜூலை மாதம். சிங்கப்பூரிலிருந்து மூன்று வருடம் கழித்து வந்திருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சின்ன வயதில் குற்றாலத்தில் நாங்கள் ரூம் போட்டதே கிடையாது. புளியோதரையைக் கட்டிக்கொண்டு காலையில் பஸ் ஏறினால், ராத்திரி ஈரத்துணியோடு வீடு திரும்பிவிடுவோம். அதனால் சொந்த மாவட்டத்து லாட்ஜ்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. (2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. எங்கள் வாய்க்கு இன்னும் அது பழகவில்லை.) மற்ற ஊர்களுக்குப் போகும்போது செய்வதைத்தான் செய்தேன். செயலியைத் திறந்து, 'ஊரின் மையத்தில்' என்று தட்டி, படங்கள் நன்றாக இருந்த ஒன்றை வெள்ளி, சனி இரண்டு ராத்திரிக்குப் பதிவு செய்தேன். அருவிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று போட்டிருந்தது.

போய் இறங்கினால் சுற்றிலும் வயல். இடம் அழகுதான், தென்காசிப் பக்கம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. அந்த ஒன்றரை கிலோமீட்டர் காக்கா பறக்கிற தூரம். ரோட்டு வழியாக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். சீசன் நேரத்து வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆட்டோ பிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. கடைசியில் வந்த ஆட்டோக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இங்கன ரூம் போட்டுட்டு அருவிக்கு நடந்து போலாம்னு யாரு அண்ணாச்சி சொன்னது?" யாரும் சொல்லவில்லை, போன்தான் சொன்னது.

மையம் என்ற சொல்தான் குற்றாலத்தில் ஆளை ஏமாற்றுகிறது. பேரருவி (மெயின் அருவி என்பது இதுதான்), குற்றாலநாதர் கோயில், பஜார், பஸ் ஸ்டாண்டு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சிற்றருவி பேரருவிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் ஐந்தருவிக்கு நாலைந்து கிலோமீட்டர் போக வேண்டும், பழைய குற்றால அருவி வேறொரு ரோட்டில் இருக்கிறது. ஐந்தருவி ரோட்டில் இருக்கிற ரிசார்ட்காரரும் நாங்கள்தான் மையம் என்பார், தென்காசி ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற லாட்ஜ்காரரும் அதையேதான் சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. நாம் எந்த அருவியில் குளிக்க வந்தோம், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பதில்: அம்மா, மெயின் அருவி.

மறுநாள் காலையே இடம் மாற்றக் கிளம்பினேன். இரண்டாம் ராத்திரிப் பணம் போனது போனதுதான். பஜார் பக்கம் முதலில் நுழைந்த லாட்ஜில் ரூம் இருந்தது. மகளுடைய சிங்கப்பூர் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ரூம் இல்லாமல் போய்விட்டது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டியது லாட்ஜ்காரரின் பொறுப்பு. பத்து நிமிட வேலை. "நமக்கு எதுக்கு அண்ணாச்சி அந்தச் சோலி" என்று கையை விரித்துவிட்டார். என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனாலும் பிள்ளையை எங்கே விடுவது? ஆகவே வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே போன் போட்டு இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் பெட்டியோடு நின்று கேட்காதீர்கள். வயதானவர் கூட இருந்தால் இன்னும் சங்கடம்.

மூன்றாவதாகப் போன லாட்ஜில் கிடைத்தது. பழைய கட்டிடம், லிப்ட் கிடையாது, ஆனால் கீழ்த்தளத்தில் ரூம். சனிக்கிழமை என்பதால் வாடகை 3,200 ரூபாய். சாதாரண நாளில் பாதிதான் என்று ரூம் பையனே சொன்னான். சுடுதண்ணீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும். அருவியில் குளிக்க வந்தவனுக்கு அது எதற்கு என்று அவர்கள் நினைத்திருக்கலாம், நியாயம்தான். ஜன்னலில் கம்பிவலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன், குரங்குகள். குறை என்றால் தூக்கம்தான். ராத்திரி முழுக்க வேன்களின் ஹாரன், மிளகாய் பஜ்ஜிக் கடைச் சத்தம், யாரோ யாரையோ தேடிக் கூப்பிடுகிற சத்தம். அமைதி வேண்டுமென்றால் அந்த வயல்காட்டு ரூம்தான் மேல், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஞாயிறு விடிகாலை நாலரை மணிக்கு அம்மா தன் காலாலேயே நடந்து அருவிக்குப் போனார். வழியில் இரண்டு தடவை நின்றார், அவ்வளவுதான். அந்த நேரத்திலும் விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் இருந்தது, நெருக்கடி இல்லை. பெண்கள் பக்கம் என் மனைவி கையைப் பிடித்துக்கொள்ள, கம்பியைப் பற்றிக்கொண்டு ஓரமாக நின்று குளித்தார். மேலே பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் குறைந்து வருவதால்தான் பேரருவித் தண்ணீரில் மனிதன் தலையைக் கொடுக்க முடிகிறது. அந்த விவரமெல்லாம் அம்மாவுக்கு வேண்டாம். "முதுகுல யாரோ குத்தி விட்ட மாதிரி இருக்கு" என்றார். இதற்கு வயலிலிருந்து ஆட்டோ தேடிப் புறப்பட்டிருந்தால் விடிந்திருக்கும்.

எட்டு மணிக்கு மகளும் நானும் மறுபடி போனபோது தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. போலீஸ் விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் குளிக்க வந்தவர்கள் இந்த இடத்தில் நின்று போலீஸோடு சண்டை போடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் எங்கள் பாளையங்கோட்டைப் பையன் ஒருவனைக் கொண்டுபோனதிலிருந்து எனக்கு அந்தச் சண்டையில் விருப்பமில்லை. ஐந்தருவிக்கும் தடை என்றார்கள். இரண்டு ராத்திரி வைத்துக்கொள்வது இதற்காகத்தான், ஒரு வேளை போனாலும் இன்னொரு வேளை கிடைக்கும்.

இளவட்டங்கள் கார் எடுத்துக்கொண்டு போனால் ஐந்தருவி ரோட்டில் தங்கலாம், இடம் விசாலம். ரயிலில் வந்து ரயிலில் திரும்புகிறவர்களுக்குத் தென்காசியே போதும். அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான், காசிவிசுவநாதர் கோயிலையும் பார்த்துவிடலாம்.

துணி காய்வதைப் பற்றி எந்த லாட்ஜிடமும் கேட்க வேண்டாம், சாரலில் எதுவும் காயாது. எங்கள் நாலு பேர் துண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பாளையங்கோட்டை மொட்டைமாடியில் கொண்டுவந்து போட்டோம். அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்தது.