கவசம் யாருடையது? பேட்டன்ட், ரகசியம், கம்பெனி: சூப்பர்ஹீரோ உலகின் மூன்று வழிகள்

‘அயர்ன் மேன் 2’ (2010) படத்தின் செனட் விசாரணைக் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அயர்ன் மேன் அணிந்து பறக்கும் போர்க்கவசத்தை நாட்டிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். முடியாது என்கிறார் அதை உருவாக்கி அணியும் டோனி ஸ்டார்க். முதல் தடவை பார்த்தபோது நான் முழுக்க அவர் பக்கம். இரண்டாம் தடவைதான் ஒரு கேள்வி உறுத்தியது. உலோகமும் ஒயரும் அவருடையவை, சரி. அதைச் செய்யும் அறிவு அவருடையது என்பதற்கு என்ன ஆதாரம்?

அமெரிக்காவில் ஒரு கண்டுபிடிப்பாளருக்கு மூன்று வழிகள் உண்டு. பேட்டன்ட் வாங்கலாம். யாருக்கும் சொல்லாமல் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். சம்பளத்துக்கு உழைத்து, கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். மூன்று வழியிலும் நடந்து பார்த்தவர்கள் சூப்பர்ஹீரோ கதைகளில் இருக்கிறார்கள்.

பேட்டன்ட் என்பது அரசோடு செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கல். துறை தெரிந்த ஒருவர் படித்துவிட்டுச் செய்யக்கூடிய அளவுக்குச் செய்முறையை எழுதித் தர வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்வரை மற்றவர்களைத் தடுக்கும் உரிமை கிடைக்கும். டோனிக்கு இது பொறி. 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, நாட்டின் பாதுகாப்பைத் தொடும் விண்ணப்பத்தை அரசு ரகசியமாக்கி முடக்கலாம். பேட்டன்ட்டும் வராது, வெளியே பேசவும் முடியாது. பேட்டன்ட் வந்துவிட்டாலும், அனுமதி கேட்காமலே அரசு அதைப் பயன்படுத்தலாம். கண்டுபிடித்தவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமே தவிர, நிறுத்தச் சொல்ல முடியாது. பேட்டன்ட் ஒன்றையே நம்பி செனட் முன் உட்கார்ந்திருந்தால் டோனி அன்றே தோற்றிருப்பார்.

அவருக்குக் கெடு வேறு ஓடிக்கொண்டிருந்தது. பொதுவில் பயன்படுத்தத் தொடங்கிய ஓராண்டுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். உள்ளே இருக்கும் எந்திரம் யார் கண்ணிலும் படவில்லையே என்று வாதாடிப் பயனில்லை. 1881இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு, பெண்கள் உடைக்குள் அணியும் இடுப்புக் கச்சையின் எஃகுப் பட்டைகளைப் பற்றியது. கண்டுபிடித்தவர் அவற்றைத் தன் தோழிக்குக் கொடுத்தார். விண்ணப்பிப்பதற்கு முன் 11 ஆண்டுகள் கடந்துவிட்டன. உடைக்குள் மறைந்திருந்தாலும் அது பொதுப் பயன்பாடுதான் என்றது தீர்ப்பு. அப்படியிருக்க, ஊரே அண்ணாந்து பார்க்கப் பறந்த கவசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே டோனிக்கு ரகசியமே நல்லது. ரகசியத்துக்குக் காலாவதி கிடையாது. கோகோ கோலாவின் செய்முறை நூறாண்டு தாண்டியும் அப்படித்தான் காக்கப்படுகிறது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இன்னொருவர் தன் சொந்த முயற்சியில் அதையே கண்டுபிடித்துவிட்டால் சட்டம் அவரை ஒன்றும் செய்யாது. ‘ஆன்ட் மேன்’ (2015) படத்தின் ஹாங்க் பிம்முக்கு நடப்பது இதுதான். ஆளைச் சுருக்கும் தன் துகளை நகலெடுக்க, தான் வேலை பார்த்த ஷீல்ட் என்ற உளவு அமைப்பு முயன்றதை அறிந்து 1989இல் விலகுகிறார். தன்னிடம் பயின்ற டேரன் கிராஸுக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லவில்லை. கிராஸோ தானே தோண்டித் துருவி அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். பிம்மிடம் பேட்டன்ட் இல்லை, தடை கேட்க வழியில்லை. கடைசியில் ஒரு திருடனைத்தான் தேடிப் போகிறார். ஆனாலும் பிம் செய்த தேர்வு சரி என்றே நினைக்கிறேன். அந்தத் துகளின் செய்முறையை 20 ஆண்டுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று அச்சில் விடுவது நடக்கக் கூடாத காரியம்.

ஸ்பைடர்மேனாகத் திரியும் பீட்டர் பார்க்கர் கதை வேறு. அவன் கையிலிருந்து பீய்ச்சும் வலை ஆயுதம் மட்டுமல்ல, ஒரு மணி நேரத்தில் தானாகக் கரையும் பசை. 1960களின் காமிக்ஸ் கதை ஒன்றில் அதை ஒரு பசை கம்பெனிக்கு விற்கப் போகிறான். நிலைத்து நிற்காத பசை எதற்கு என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தற்காலிகமாக ஒட்டிவிட்டுத் தானே மறையும் பொருளுக்கு எத்தனை தேவை இருக்கிறது! பேட்டன்ட் வாங்கியிருந்தால் மே அத்தையின் வாடகைக் கவலை தீர்ந்திருக்கும். தடை ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவரின் உண்மைப் பெயர் இருக்க வேண்டும். ஸ்பைடர்மேன் என்று கையெழுத்துப் போட முடியாது.

நிஜத்தில் சிலந்தி வலைக்கு பேட்டன்ட் வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். ஸ்டீபன் கிம்பிள், கையிலிருந்து நுரை இழை பீய்ச்சும் பொம்மைக்கு 1990இல் விண்ணப்பித்தார். மார்வெல் தலைவரைச் சந்தித்து யோசனையையும் சொன்னார். பிறகு அதுபோன்ற பொம்மையை மார்வெல் விற்றது. வழக்கு, சமரசம், 3 சதவீத ராயல்டி. ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி எழுதப்படவில்லை. பேட்டன்ட் காலம் முடிந்த பிறகு ராயல்டி கேட்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்த்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி எலெனா கேகன், பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்ற ஸ்பைடர்மேன் வரியையே அதில் மேற்கோள் காட்டினார்.

மூன்றாவது வழியில், அதாவது கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பதில், சுகமாக இருப்பவர் பேட்மேனுக்குக் கருவிகள் தரும் லூசியஸ் ஃபாக்ஸ் ஒருவர்தான். வேய்ன் நிறுவனத்தின் கிடங்கில் கிடந்தவையெல்லாம் கம்பெனி சொத்து. அவருக்கு அதில் வருத்தமில்லை. டோனியின் கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு ஸ்பைடர்மேன் படத்தில் வில்லனாகும் குவென்டின் பெக் அப்படியல்ல. அவர் உருவாக்கிய ஹாலோகிராம் (முப்பரிமாணப் பிம்ப) தொழில்நுட்பத்தை டோனி மேடையேறித் தன்னுடையதுபோல் காட்டுகிறார், கேலியான பெயரும் சூட்டுகிறார். பெக் பிறகு செய்த கொலைகளுக்கு மன்னிப்பில்லை. ஆனால் அந்த முதல் கோபம் நியாயமானது. நிஜத்திலும் இப்படி நடந்திருக்கிறது. ஜப்பானில் நீல எல்இடியை உருவாக்கிய ஷுஜி நகமுராவுக்குக் கம்பெனி கொடுத்தது 20,000 யென். 2004இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. மறு ஆண்டு ஏறக்குறைய 84 கோடிக்குச் சமரசம் ஆனது. 2014இல் அவருக்கு நோபல் பரிசு.

பணத்தைவிடப் பெயர்தான் இங்கே எனக்குப் பெரிதாகப் படுகிறது. உரிமை கம்பெனிக்கே போனாலும், பேட்டன்ட்டில் கண்டுபிடித்தவரின் பெயர் இருந்தே ஆக வேண்டும். விட்டுப்போனால் திருத்தச் சொல்லி நீதிமன்றம் போகலாம். ரகசியத்தில் அந்த வாசலே கிடையாது.

மறுபடி ‘அயர்ன் மேன் 2’. கவசத்துக்குச் சக்தி தரும் ஆர்க் ரியாக்டரில் டோனியின் அப்பா ஹோவர்ட் ஸ்டார்க்கோடு சேர்ந்து உழைத்தவர் ஆன்டன் வான்கோ. அவர் பணத்தாசை பிடித்தவர், அதனால்தான் நாடு கடத்தப்பட்டார் என்று ஷீல்ட் தலைவர் நிக் ஃபியூரி சொல்கிறார். இருக்கலாம். ஆனால் பேட்டன்ட்டைச் சேர்ந்து வைத்திருப்பவர்களில் ஒருவர், மற்றவரைக் கேட்காமலே அமெரிக்காவில் அதைப் பயன்படுத்தலாம், பங்கும் தர வேண்டியதில்லை. ஆன்டனின் பெயர் ஏறியிருந்தால் ஸ்டார்க் குடும்பத்துக்கு அது தனிச்சொத்தாக இருந்திருக்காது. படத்தின் தொடக்கத்தில், அப்பா இறந்த பிறகு ஆன்டனின் மகன் ஐவன் அந்த ரியாக்டரின் பழைய வரைபடத்தை எடுத்து விரிக்கிறான். அதில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. அதைக் கொண்டுபோய்த் திருத்தச் சொல்ல அவனுக்கு ஒரு பதிவேடு இல்லை.