திருவையாறு ஆராதனைக்கு நாமே காரில் போவதா, குழுவோடு போவதா?

காரைக்குடியிலிருந்து திருவையாற்றுக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டேன். 2024 ஜனவரியில் வீட்டில் நாலு பேர் வாடகைக் கார் பிடித்துப் போனோம். 2025இல் இசைச் சுற்றுலா என்று பதினான்கு பேர் கொண்ட ஒரு சின்னக் குழு கிளம்பியது; அதில் நானும் ஆத்தாவும் சேர்ந்துகொண்டோம். அதற்கப்புறம், கீர்த்தனைகள் பாடிய தியாகராஜரின் நினைவாக அவர் சமாதியில் நடக்கும் இசை விழாவான தியாகராஜ ஆராதனைக்குப் போகலாம் என்றிருக்கும் நம் பக்கத்து ஆட்கள் யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்கிறேன். முதல் தடவையா, குழுவோடு போங்கள். ஆனால் எந்தக் குழுவாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் விசாரியுங்கள்.

செலவுக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். நாங்களே போனபோது கார் வாடகை, டிரைவர் பேட்டா, தஞ்சாவூர் லாட்ஜில் ஓர் இரவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலு பேருக்குப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. குழுவில் தலைக்கே ஒன்பதாயிரம். ஆராதனையில் கேட்பதற்குக் கட்டணம் கிடையாது, பந்தலில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் நூறு கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து திருவையாறு பதின்மூன்று. பணம்தான் முக்கியம் என்றால் கார் போதும், பஸ்ஸே போதும். நினைத்த இடத்தில் நிறுத்துவது, குழந்தை அழுதால் கிளம்பிவிடுவது, இதிலெல்லாமும் கார்தான் வசதி. சந்தேகமே இல்லை.

ஆனால் 2024இல் அந்தக் காரில் போய் என்ன கொண்டு வந்தோம் என்று யோசித்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. அந்த வருஷம் ஆராதனை ஜனவரி 30. முந்தின நாள் பெரிய கோயில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூரிலேயே தங்கினோம். காலையில் குளித்துச் சாப்பிட்டு ஏழரைக்கு மேல்தான் வண்டி எடுத்தோம். திருவையாறு எல்லையிலேயே வண்டிகளை ஓரங்கட்டிவிட்டார்கள். இறங்கி நடந்து, பந்தலுக்குள் நுழையும்போது ஒன்பது மணி. பஞ்சரத்னம், அதாவது எல்லோரும் சேர்ந்து பாடுகிற தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள், ஆரம்பித்துவிட்டது. கடைசி வரிசைக்கும் பின்னால், கம்பத்தை ஒட்டி ஓர் இடம் கிடைத்தது.

நூற்றுக்கணக்கான பேர் ஒரே குரலில் பாடுகிறார்கள். மெய்சிலிர்க்கத்தான் செய்தது. ஆனால் அது முதல் பத்து நிமிஷம். எது எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று பிடிபடவில்லை. தெலுங்கு தெரியாது, ராகம் தெரியாது. "அப்பச்சி, இன்னும் அதே பாட்டுத்தானா?" என்று பையன் காதோரம் கேட்டான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சமாதியில் வரிசையில் நின்று கும்பிட்டோம், கடைத்தெருவில் அரைக் கிலோ அசோகா வாங்கினோம், திரும்பிவிட்டோம்.

சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாள் சிலையைக்கூட நான் கவனிக்கவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள். 1920களில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு அந்தச் சமாதிக்குக் கோயில் எடுத்தவர். அப்படி எடுத்தும், பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்த காலம் அது. அதை எதிர்த்துப் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1952இல் இறந்தபின் அவருக்கும் அங்கேயே, தியாகராஜரைப் பார்த்தபடி நினைவிடம். இதெல்லாம் அடுத்த வருஷம் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டீச்சர் என்பது எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர். இசை ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றிச் சொல்லும் முன் குழுவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நியாயம்.

மூன்று நாள், இரண்டு இரவு. முதல் நாள் செட்டிநாடு, இரண்டாம் நாள் தஞ்சாவூர், மூன்றாம் நாள் ஆராதனை. வெளியூர்க்காரர்களை மனதில் வைத்துப் போட்ட திட்டம், அதனால் ஆத்தங்குடிக் கல் செய்கிற இடம், கண்டாங்கிச் சேலைக் கடை என்று நமக்குத் தேவையில்லாத நிறுத்தங்கள். முதல் இரவு கானாடுகாத்தானில், தங்கும் விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டில். ஆத்தாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நம்ம வீடு பதினஞ்சு கிலோமீட்டர்ல இருக்கு. காசு குடுத்து ஊரான் வீட்டு முகப்புல படுக்கணுமா?" என்றாள். நியாயமான கேள்வி. நம் ஊர்க்காரர்கள் முதல் இரவை மட்டும் கழித்துக்கொண்டு பணம் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்கத் தவறிவிட்டேன்.

ஆனால் அந்த முதல் நாள் சாயங்காலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் கட்டாயம் விசாரிக்கச் சொன்னது அதைத்தான்.

அன்று மத்தியானம் அரியக்குடிக்குக் கூட்டிப் போனார்கள். திருவேங்கடமுடையான் கோயில், தென் திருப்பதி என்று நாம் போகிற கோயில்தான். கோயில் வாசலில் நின்று டீச்சர் அரியக்குடி ராமானுஜ அய்யங்காரைப் பற்றிச் சொன்னார். 1890இல் இந்த ஊரில் பிறந்தவர். இன்றைக்கு எந்தச் சபாவில் போய் உட்கார்ந்தாலும் முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், நடுவில் விஸ்தாரமாக ஒன்று, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள் என்று ஒரு வரிசை இருக்கிறதே, அந்தக் கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் அவர். என் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்து ஊர். இத்தனை வருஷம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பெருமாளைச் சேவித்துவிட்டு வந்திருக்கிறேன், இது தெரியாமல்.

இருட்டிய பிறகு தங்கிய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்தில், ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். நடுவே வானம் திறந்திருந்தது, தை மாதக் குளிர் இறங்கியது. டீச்சர் சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு ஆத்தாவைப் பார்த்துக் கேட்டார்: "ஆச்சி, மார்கழியில விடியக்காலம் கோயில் ரேடியோவுல என்ன பாட்டு வரும்?"

"மார்கழித் திங்கள்தான். வேறென்ன?"

"ஒரு வரி பாடுங்களேன்."

ஆத்தா கூச்சப்பட்டாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே பாடினாள். எழுபத்தாறு வயதுக் குரல், நடுங்கியது, ஆனால் மெட்டு விலகவில்லை. அவள் 'நன்னாளால்' என்று முடித்த இடத்திலேயே, அதே சுருதியில், டீச்சர் 'ஜகதாநந்தகாரகா' என்று எடுத்தார். யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டும் ஒரே ராகம் என்று எல்லோர் காதுக்கும் தெரிந்தது. நாட்டை.

பிறகுதான் சொன்னார். திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தவர் அரியக்குடி. எம். எல். வசந்தகுமாரி குரலில் வீதியெல்லாம் கேட்கிறோமே, அந்த மெட்டுகள். தியாகராஜர் பஞ்சரத்னம் ஐந்தையும் கன ராகங்கள் ஐந்தில் வைத்தார்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. அரியக்குடி திருப்பாவையின் முதல் ஐந்து பாசுரங்களை அதே ஐந்து ராகங்களில், அதே வரிசையில் அமைத்தார். 'மார்கழித் திங்கள்' நாட்டை. 'வையத்து வாழ்வீர்காள்' கௌளை, அதற்கு நேர் 'துடுகு கல'. 'ஓங்கி உலகளந்த' ஆரபி, அதற்கு நேர் 'சாதிஞ்செனே'. 'ஆழிமழைக் கண்ணா' வராளி, 'கனகனருசிரா'. 'மாயனை மன்னு' ஸ்ரீ, 'எந்தரோ மஹாநுபாவுலு'. ஒவ்வொன்றுக்கும் ஆத்தா ஒரு வரி, டீச்சர் ஒரு வரி. சென்னையிலிருந்து வந்திருந்தவர்களும் ஆத்தாவோடு சேர்ந்துகொண்டார்கள்.

அதன்மேல் பொருள் சொன்னது இரண்டிரண்டு வாக்கியம்தான். முதல் பாட்டு சமஸ்கிருதம், ராமனின் பெயர்களாலேயே தொடுத்தது. மற்ற நான்கும் தெலுங்கு. இரண்டாவதில் தன் குற்றங்களை அடுக்கி, என்னை எந்த அரசகுமாரன் காப்பாற்றுவான் என்று கேட்கிறார். மூன்றாவது, நினைத்ததைச் சாதித்துக்கொண்டானே என்று கண்ணனைச் செல்லமாகக் குறை சொல்வது. நாலாவது, பார்க்கப் பார்க்க அழகு கூடுகிறவனைப் பற்றி. வராளியைக் குரு நேரே உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் ஒத்துப்போகாது என்று ஒரு நம்பிக்கை உண்டாம், கேட்டே கற்பார்களாம். ஐந்தாவது, எத்தனையோ பெரியவர்கள், அத்தனை பேருக்கும் வணக்கம். ஐந்தும் ஆதி தாளம். சரணங்களில் முதலில் ஸ்வரம், அடுத்து அதே மெட்டில் வார்த்தை, ஆகவே ஒவ்வொன்றும் காதில் இரண்டு முறை விழும். "ஸ்வரம் வரும்போது மெட்டைப் பிடிச்சுக்குங்க, வார்த்தை தானா வந்து உட்காரும்" என்றார். இவ்வளவும் ஒரு மணி நேரம்.

இரண்டாம் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய கோயில், சரஸ்வதி மகால், எல்லோரும் பார்ப்பதுதான். வீணை செய்கிற பட்டறை மட்டும் நன்றாக இருந்தது. ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையின் மேல் மெழுகு வைத்து தந்தியை அழுத்தி வாசிக்கிற கம்பிகளான இருபத்துநாலு மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டுப் பதித்துக்கொண்டிருந்தார்கள். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நெட்டாக நிறுத்தி வாசித்தவர் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

ஜனவரி 18, ஆராதனை நாள். காலை ஐந்து மணிக்கே வண்டி. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஒவ்வொரு பாலத்திலும் டீச்சர் பெயர் சொன்னார். முந்தின வருஷம் அதே ஐந்து பாலங்களையும் தூங்கிக்கொண்டே தாண்டியிருக்கிறேன். பந்தலில் பாதி இடம் காலி. ஆத்தாவுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு கம்பமும் கிடைத்தது. நாதஸ்வரம் கேட்டோம், தியாகராஜர் வீட்டிலிருந்து வீதி வழியே பாடிக்கொண்டு உஞ்சவிருத்தி பஜனை வந்து சேர்வதைப் பார்த்தோம். புல்லாங்குழல் முடிந்ததும் நாட்டை எழுந்தது. உள்ளே அபிஷேகம் நடக்கிறது, வெளியே பாட்டு. ஆத்தா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முடிந்து அடுத்தது எடுத்த உடனே என் கையைப் பிடித்து, "ஆழிமழை வந்திருச்சு" என்றாள். தெலுங்கில் ஒரு எழுத்துத் தெரியாதவள். அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஒன்பதாயிரம் எனக்கு இதற்காகத்தான் தகும். வண்டியோ தங்கலோ சாப்பாடோ நாமே பார்த்துக்கொள்ளக்கூடியவை. கேட்கப் போகிறதை முன்கூட்டியே காதில் போட்டு வைக்க ஓர் ஆள், அதுவும் பாடிக் காட்டத் தெரிந்த ஆள், அதைத்தான் வாடகைக் காரில் ஏற்றிக்கொள்ள முடியாது. வழிகாட்டி என்று வருகிறவர் வரலாறும் கட்டடக் கலையும் நன்றாகச் சொல்வார், பாடத் தெரியாது என்றால், இந்த விழாவைப் பொறுத்தவரை அந்தக் குழுவுக்கும் காருக்கும் வித்தியாசம் இல்லை.

கார் நிச்சயமாக ஜெயிக்கிற இடமும் ஒன்று உண்டு. ஆராதனை ஐந்து நாள் நடக்கிறது. பஞ்சரத்னம் முடிந்த பிறகும் சின்ன வித்வான், பெரிய வித்வான் என்றில்லாமல் சில நிமிஷங்கள் வீதம் ஆள் மாற்றி ஆள் பாடிக்கொண்டே இருப்பார்கள். குழு மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டது. ஐயாறப்பர் கோயிலில் கால் மணி நேரம்தான் கொடுத்தார்கள். அப்பர் கயிலைக் காட்சி கண்டு பாடிய தலத்துக்கு அது போதவே போதாது. ஆகவே ஒரு முறை குழுவோடு போய்க் காது பழகியவர்கள் அடுத்த முறை காரில் போய் இரண்டு மூன்று நாள் தங்கலாம். நானும் அப்படித்தான் செய்யப் போகிறேன்.

நான் பார்த்தது ஒரே குழு, அதுவும் சின்னக் குழு. நாற்பது ஐம்பது பேர் பெரிய பஸ்ஸில் போவது எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு வரி பாட வைக்கிற வேலை அங்கே நடக்காது என்று தோன்றுகிறது. நடக்க முடியாத பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தாலும் முன்பே பேசிவிடுங்கள். ஆத்தா தரையில் உட்கார்வாள், அதனால் எங்களுக்குச் சிரமம் தெரியவில்லை.

குழுவுக்குப் பணம் இல்லை, இந்த வருஷம் காரில்தான் என்றாலும் பரவாயில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினம் ஒரு ஜோடி, பாசுரம் ஒன்று, கீர்த்தனை ஒன்று என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து கேளுங்கள். அன்று விடிவதற்குள் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பிவிடுங்கள். நாள் திதிப்படி மாறும், புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி; பொங்கலுக்கு முன்பே வருகிற வருஷமும் உண்டு. தேதி பார்க்காமல் லீவு போட்டுவிடாதீர்கள்.

குழுவில் சேர்கிறவர்கள் போனில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பஞ்சரத்னத்தைப் பாடிக் காட்டுவீர்களா, எப்போது? போகிற வழியில் வண்டியில் என்றால் வேறு குழு பாருங்கள். முன்னாலேயே ஒரு சாயங்காலம், உட்கார வைத்து என்றால் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.