சில்வர் லிங்க், மல்லார்ட்: உடைக்கப்பட்டதும் காக்கப்பட்டதும்

இரண்டும் நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து, இங்கிலாந்தின் டான்காஸ்டரில் கட்டப்பட்ட ஏ4 வகை நீராவி எஞ்சின்கள். மூன்று சிலிண்டர், 6 அடி 8 அங்குல இயக்கு சக்கரம், சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு கொதிகலன் அழுத்தம். இதிலெல்லாம் வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் புகைபோக்கியில். 1935-இல் முதல் ஏ4 ஆக வந்த சில்வர் லிங்க்குக்கு ஒற்றை. 1938 மார்ச்சில் வந்த மல்லார்டுக்கு கைல்சாப் எனும் வகை இரட்டைப் புகைபோக்கி. வேலை முடித்த நீராவி தடையின்றி வெளியேறுவதால் சிலிண்டரில் எதிரழுத்தம் குறையும், அதிவேகத்தில் சக்தி மிஞ்சும். 1938 ஜூலை 3 அன்று ஸ்டோக் என்ற இறக்கமான ரயில் பாதையில் மல்லார்ட் மணிக்கு 126 மைல் தொட்டது. சில்வர் லிங்க் 1935 செப்டம்பர் 27 அன்று எட்டியது 112.5.

ஆனால் 126-க்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. நடுச் சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் (இணைப்புத் தண்டு சக்கர அச்சோடு சேரும் இடத்துத் தாங்கி) சூடேறிப் பழுதாக, பீட்டர்பரோவில் எஞ்சினை ரயிலிலிருந்து கழற்றினார்கள். ஏ4-இல் சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வுகளில், வெளி இரண்டின் அசைவிலிருந்துதான் நடு வால்வு நகரும். இணைப்பு ஊசிகள் தேய்ந்தால், வேகத்தில் நடு வால்வு அளவுக்கு மீறி ஓடும். நடுச் சிலிண்டர் தன் பங்குக்கு மேல் உழைக்கும்.

சில்வர் லிங்க்கோ, சில்வர் ஜூபிலி ரயிலின் ஆரம்ப நாட்களில் லண்டன்–நியூகாசில் 268 மைலை 4 மணி நேரத்தில், மாற்று எஞ்சின் இல்லாமல் தனியாகவே இழுத்தது. உழைப்பை அளவுகோலாக வைத்தால் இதுவே உயர்ந்தது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மல்லார்ட் 1963 ஏப்ரலில் ஓய்வு பெற்றது, சாதனையே அதைக் காப்பாற்றியது; இன்று யார்க் தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் சொத்து. 1962 டிசம்பரில் நீக்கப்பட்ட சில்வர் லிங்க்கை டான்காஸ்டரிலேயே உடைத்தார்கள். கட்டிய 35 ஏ4-களில் மிஞ்சியவை 6. முதலாவது அவற்றில் இல்லை.