சாமக்கொடைப் படங்களும் செங்கண்ணும்: எந்த மென்பொருள் எதற்கு உதவும்?

திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் எடுத்த படங்களைத் திருத்த உட்காரும் எவரையும் முதலில் மறிப்பவை சிவந்த கண்கள்தாம். கொடையின் சாம வழிபாடான சாமக்கொடை நள்ளிரவில் நடக்கிறது. வில்லுப்பாட்டு மேடையின் வெளிச்சம் எட்டாத ஓரத்தில் அமர்ந்திருப்பவர்களின் கண்மணிகள் இருட்டுக்குப் பழகி அகன்றிருக்கின்றன. அந்த வேளையில் சிறிய கேமராவின் ஃபிளாஷ் மின்னினால், அது லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், கண்ணுக்குள் புகுந்த ஒளி விழித்திரைக்குப் பின்னுள்ள குருதி நிறைந்த படலத்தில் பட்டுச் சிவந்து, போன வழியே லென்ஸுக்குத் திரும்பிவிடுகிறது. ஃபிளாஷைத் தனியே விலக்கிப் பிடித்திருந்தாலோ, பந்தலின் வெள்ளைத் துணியில் பட்டுத் தெறிக்க விட்டிருந்தாலோ இந்த வேலையே இருந்திருக்காது. ஆனால் 2000-களில் வாங்கிய கையடக்கக் கேமராவில் எடுத்து, இன்றும் எங்கள் வீட்டுக் கணினியில் கிடக்கும் படங்களுக்கு அந்த யோசனை காலம் கடந்தது.

நான் ஒப்பிட்டுப் பார்த்தவை போட்டோஷாப், கிம்ப், லைட்ரூம் ஆகிய மூன்றும், தனிக் கருவி எதையும் நாடாமல் வண்ண சேனல்களை, அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளை, கையால் கலந்து திருத்தும் முறையும் ஆகும். சிவப்பை நீக்குவது எல்லாவற்றாலும் முடிகிறது என்பதால் அதை வைத்துத் தரம் பிரிக்க இயலாது. என் கவலை வேறு. கண்மணியின் மேல் ஃபிளாஷ் விட்டுச்செல்லும் சிறு வெள்ளைப் புள்ளி அழிந்துபோனால், எவ்வளவு சிரித்த முகமும் கொலுப்பொம்மையின் முகமாகிவிடுகிறது. அத்துடன், நம் ஊர் முகங்களில் கண்ணுக்குப் பக்கத்திலேயே குங்குமமும், மூக்குத்தியின் சிவப்புக் கல்லும், வெற்றிலை போட்ட உதடும் இருக்கின்றன. இவை எதுவும் நிறம் மாறக் கூடாது.

போட்டோஷாப்பின் செங்கண் கருவி 2005-இல் வெளியான சிஎஸ்2 பதிப்பில் வந்தது. கண்மணியின் மேல் ஒரு முறை சொடுக்கினால் போதும். கண்மணியின் அளவு, கறுப்பாக்கும் அளவு என்னும் இரண்டு அமைப்புகள் மட்டுமே உள்ளன. இரண்டும் தொடக்கத்தில் 50 விழுக்காட்டில் நிற்கும். நம்மவர் கண்ணில் கண்மணியைச் சுற்றிய வளையமும் அடர்ந்த பழுப்பாக இருப்பதால், கறுப்பாக்கும் அளவைக் கூட்டினால் இரண்டும் ஒன்றாகிக் கண் ஒரு மைப்பொட்டாகத் தெரிகிறது. ஆகவே நான் இரண்டையும் 50-க்குக் கீழே இறக்கியே பயன்படுத்துகிறேன். இக்கருவி படத்தின் புள்ளிகளையே நேரடியாக மாற்றுவதால், படம் இருக்கும் அடுக்கை (லேயர்) நகலெடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. நாற்பது பேர் நிற்கும் குடும்பப் படத்தை விரைந்து முடிக்க இதற்கு இணையில்லை. சந்தா கட்ட வேண்டும் என்பதே குறை.

கிம்ப் இலவசம். ஆனால் அதன் செங்கண் நீக்கும் வடிகட்டி கண்ணைத் தானாகத் தேடுவதில்லை. அடுக்கு முழுவதிலும் சிவப்பைத் தேடுகிறது. முதல் முறை இதை அறியாமல் இயக்கியபோது, என் அத்தையின் நெற்றிக் குங்குமம் கரியாகவும், அரக்குச் சிவப்புப் பட்டு சாம்பல் பூத்ததாகவும் மாறி நின்றன. சாமிக்கு முன்னால் எடுத்த படத்தில் அப்படி ஒரு நெற்றியைக் கண்டு வீட்டில் எழுந்த கூச்சலை இங்கே எழுதத் தேவையில்லை. நீள்வட்டத் தேர்வுக் கருவியால் கண்மணியை மட்டும் வளைத்துக்கொண்டு, ஓரத்தைச் சற்று மென்மையாக்கி, அதன் பிறகு வடிகட்டியை இயக்கினால் இந்த விபத்து நேராது. எந்த அளவு செம்மை வரை நீக்குவது என்பதை முடிவுசெய்யும் வரம்பு அளவு தொடக்கத்தில் 0.4 ஆக இருக்கும். நிறமி மிகுந்த கண்களில் செம்மை பளிச்சென்று இல்லாமல் மங்கிய செம்பழுப்பாகத் திரும்புகிறது. அதனால் என் படங்களில் பலவற்றுக்கு 0.5-க்கு மேல் ஏற்றிய பிறகே ஓரத்தில் எஞ்சிய சிவப்பு வளையம் மறைந்தது. நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது.

அது ஏன் பிழைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் கைமுறையின் அருமை விளங்கும். செங்கண்ணில் கெட்டுப்போவது சிவப்பு சேனல் மட்டுமே. பச்சையிலும் நீலத்திலும் கண்மணியின் வடிவமும் வெள்ளைப் புள்ளியும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. கிம்ப்பின் வடிகட்டி சிவப்பின் இடத்தில் பச்சை, நீலம் இரண்டிலிருந்தும் கணக்கிட்ட ஓர் அளவை வைக்கிறது. சேனல் கலப்பான் (Channel Mixer) என்னும் வசதி கொண்டு ஏறக்குறைய அதையே நாமும் செய்யலாம்: கண்மணியைத் தேர்ந்தெடுத்து, சிவப்பு வெளியீட்டுக்குச் சிவப்பு 0, பச்சை 50, நீலம் 50 என்று விழுக்காடுகளை அமைக்க வேண்டும். போட்டோஷாப்பில் இதைப் படத்தின் மேல் தனியே நிற்கும் திருத்த அடுக்காகவே வைத்துக்கொண்டால் மூலப்படம் தொடப்படாமல் இருக்கும். சுவரில் மாட்டவோ ஃபிளெக்ஸ் அடிக்கவோ பெரிதாக்கும் படத்துக்கு நான் இந்த முறையைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. ஆல்பத்தில் ஒட்டும் சிறிய பிரதிக்கு இவ்வளவு உழைப்பு வீண்.

லைட்ரூமின் செங்கண் கருவி போட்டோஷாப்பைப் போன்றதே. மாற்றங்களைத் தனியே குறித்துவைத்து மூலக் கோப்பை விட்டுவைப்பது அதன் சிறப்பு. ஆயினும் நான் அதைத் தேடிப் போனது மனிதர்களுக்காக அன்று, நேர்ச்சைக் கிடாய்க்காக. ஆடு, மாடு, நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று இருப்பதால், அவற்றின் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிர்கின்றன. சிவப்பைத் தேடும் கருவிகள் அங்கே வெறுங்கையோடு திரும்புகின்றன. லைட்ரூமில் வளர்ப்பு விலங்குகளுக்கென்றே தனித் தெரிவு உள்ளது. அழிந்த வெள்ளைப் புள்ளியைப் புதிதாக வைக்கவும் அது வழி தருகிறது.

எந்தக் கருவியையும் தொடக் கூடாத படமும் உண்டு. சிறு குழந்தையின் ஒரு கண் சிவந்தும் மறு கண் வெளிறியும் தெரிந்தால், அது ஃபிளாஷ் பட்ட கோணத்தால் நேர்ந்ததாகவும் இருக்கலாம், விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்தக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டு, குழந்தையோடு உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.