வீட்டுப் பிளானுக்கு முதல் வளவுப் பிளான்: கிளிநொச்சியில் கிடைத்த ஒரு நல்ல சேவை

வன்னியில் காணி வாங்கி வீடு கட்ட யோசிப்பவர்களுக்கு நேரே சொல்கிறேன்: வீட்டுக்குப் படம் கீறக் கொடுக்க முதல் வளவுக்கு ஒரு பிளான் போடுவியுங்கள், அதாவது வீடு, கிணறு, மலசலகூடக் குழி, மரம், தண்ணி போகும் பாதை எங்கெங்கே என்று காட்டும் படம். கிளிநொச்சியில் ஒரு கட்டடக்கலைஞரும் ஒரு படவரைஞரும் சேர்ந்து அதைத் தனி வேலையாகவே செய்து தருகிறார்கள். எங்கள் வளவுக்கு அவர்கள்தான் செய்தார்கள், எனக்கு நல்ல திருப்தி. ஒன்றிரண்டு குறையும் உண்டு, அதைக் கீழே எழுதுகிறேன்.

எங்கள் காணி அரை ஏக்கர், அதாவது 8 பரப்பு. பார்த்தால் ஒரே மட்டம். அவர்களில் ஒருவரான தங்கச்சி வந்து வீட்டில் எத்தனை அறை வேண்டும் என்று கேட்கவேயில்லை, மழைத் தண்ணி எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது என்றுதான் முதலில் கேட்டார். எங்களுக்குத் தெரியாது என்றதும் பக்கத்து வளவு ஐயாவிடம் போய், “ஐயா, 2018 மார்கழி வெள்ளம் எதுவரைக்கும் வந்தது?” என்று கேட்டு, அவர் வேலித் தூணில் காட்டிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். பிறகு ஹோஸ் பைப்பில் தண்ணி நிரப்பி மூலைக்கு மூலை மட்டம் பார்த்தார்கள். பின்மூலை வீதிப் பக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டடி பள்ளம்! மேற்கே உள்ள வளவுகளின் தண்ணியும் எங்கள் காணிக்குள்ளால் இறங்கித்தான் குளத்து வாய்க்காலுக்குப் போகிறது. இது தெரியாமல் ரிப்பர் ரிப்பராகக் கிரவல் கொட்டி நிரப்பினால் எங்கள் முற்றம் காய்ந்திருக்கும், ஐயாவின் வீட்டுக்குள் வெள்ளம் ஏறும். எத்தனை ஒழுங்கைகளில் இதனாலேயே அயலுக்குள் சண்டை. அவர்கள் அந்தத் தண்ணிக்கு ஒரு பாதையை அப்படியே விட்டு, வீட்டை மேட்டுப் பக்கத்துக்கு நகர்த்தினார்கள்.

மற்றது எங்கள் மண்ணுக்கே உரிய விஷயம். கண்ணிவெடி அகற்றின காணிதானா என்று கேட்டுவிட்டு, பங்கர், அதாவது போர்க்காலப் பதுங்குகுழி, எங்கே இருந்தது என்று தங்கச்சி கேட்டார். வன்னியில் பங்கர் இல்லாத வளவு குறைவுதானே. பிறகு மண் போட்டு மூடியிருப்பார்கள், மேலே புல் முளைத்துவிடும், ஆனால் அந்த மண் இறுகியிருக்காது. அத்திவாரம் பாதி பழைய மண்ணிலும் பாதி மூடின கிடங்கிலும் விழுந்தால் ஒரு பக்கம் இறங்கிச் சுவர் வெடிக்கும். வீடு வரும் இடத்தில் கம்பியால் குத்திக்கொண்டே போனார்கள், ஓரிடத்தில் கம்பி சும்மா இறங்கியது. தோண்டினால் பழைய பங்கரின் உக்கிப்போன பனங்குற்றிகள். அந்த இடம் இப்போது வாழைத் தோட்டம்.

வெயில் விஷயம் எனக்குப் புதுப் பாடம். சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியில் ஒரு தடவையும் ஆவணி (ஓகஸ்ட்) கடைசியையொட்டி ஒரு தடவையும் நடுப்பகல் சூரியன் எங்கள் உச்சிக்கு வரும், இடையில் உள்ள மாதங்களில் அது வடக்குப் பக்கமாக நிற்கும். அதனால் தெற்குச் சுவருக்கு மட்டுமல்ல, வடக்குச் சுவருக்கும் தாழ்வாரம் வேண்டும். உண்மையில் கொடுமை மேற்கு வெயில்தான். வீட்டைக் கிழக்கு மேற்காக நீட்டி, மேற்கு முனையில் குளியலறையையும் களஞ்சிய அறையையும் வைத்துவிட்டார்கள், படுக்கையறைகளில் அந்தச் சூடு படாது. அடுப்படி தென்கிழக்கில்தான் என்று அம்மா பிடிவாதம். அவர்கள் அதை மறுக்காமல் விளக்கினார்கள்: சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து வரும், தென்கிழக்கு மூலையில் அடுப்பு இருந்தால் இரண்டு காற்றுக்கும் புகை வீட்டுக்குள் திரும்பாது. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சோளகத்தோடு வரும் புழுதியை மறிக்க அந்தப் பக்கம் வேப்பமர வரிசை.

கிணற்றை மேட்டில் வைத்து, மலசலகூடக் குழியை அதிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளிப் பள்ளப் பக்கத்தில் வைத்தார்கள். குழி வரும் இடத்தில் சின்னக் கிடங்கு வெட்டி, தண்ணி ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்றும் பார்த்தார்கள். கூரைத் தண்ணிக்குத் தொட்டி. 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தாலே 1000 லீற்றர். மாரியில் அதை வீதிக்கு விட்டுவிட்டுக் கோடையில் பவுசருக்குக் காத்திருக்கிறோம், என்ன நியாயம்?

வளவில் ஒரு பழைய பாலைமரம் நிற்கிறது. மேசன் வந்த முதல் நாளே தறிக்கச் சொன்னார். பிளானிலோ கிளை பரவும் அளவுக்கு வட்டம் கீறி, அதற்குள் மண் ஏற்றக் கூடாது, கல், சீமெந்து குவிக்கக் கூடாது, பெக்கோ ஏறக் கூடாது என்று குறித்திருந்தது. கட்டு வேலை முடியும்வரை கதியால் நட்டுக் கயிறு கட்டி வைத்தோம். பாலை வளர எத்தனை காலம் எடுக்கும் என்று வன்னியில் பிறந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மரத்தைக் காப்பாற்றினதுக்கே கொடுத்த காசு சரி.

இனிக் குறைகள். படத்தில் எழுத்து முழுக்க ஆங்கிலம். மேசன்மார் ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள், கேட்ட பிறகுதான் தமிழில் எழுதித் தந்தார்கள். முன்முற்றத்தில் பெரிய புற்றரை போட்டிருந்தார்கள், ஆடி வெயிலில் அதற்குத் தண்ணி வார்க்க யாரால் முடியும்? சொன்னதும் மாற்றினார்கள்தான், ஆனால் இந்த ஊரில் இருப்பவர்கள் அதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். சொன்ன தவணைக்கு வேலை முடியவும் இல்லை. கட்டணம் வீட்டுப் பிளானுக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, கொஞ்சம் கூடத்தான் என்றாலும் நிரப்பாமல் விட்ட கிரவல் காசை நினைத்தால் நட்டமில்லை.

பிரதேச சபை அனுமதிக்கான படம் இதற்குள் அடங்காது, அது வேறு வேலை, வேறு காசு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நில அளவைப் படம் கையில் இருக்கட்டும். முடிந்தால் கார்த்திகை, மார்கழியில் கூப்பிடுங்கள், தண்ணி எங்கே தேங்குகிறது என்று அவர்களே கண்ணால் பார்ப்பார்கள். விளம்பரம் வேண்டாம் என்றார்கள், அதனால் பெயர் போடவில்லை. தேவையானவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், தருகிறேன்.