வெஸ்ட் ஹைலேண்ட் வே போறவங்க கவனத்துக்கு: ஓட்டை டென்ட், டுபாக்கூர் பர்மிட், 286 பவுண்டு அம்பேல்

286 பவுண்டு. முதல்லயே தொகைய சொல்லிடுறேன், ஏன்னா இந்தப் பதிவுல அது திரும்பத் திரும்ப வரும், கோவம் இன்னும் அடங்கல, ஷூ கூட இன்னும் காயல. ஸ்காட்லாந்துல பேக்பேக்கிங், வைல்ட் கேம்பிங் (கேம்ப்சைட் இல்லாம திறந்த வெளில டென்ட் போட்டுத் தங்குறது)னு கிளம்புற நம்ம ஆளுங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க, அவங்க கண்ணுல படட்டும்னுதான் எழுதுறேன். கடைசில என்னென்ன செக் பண்ணணும்னு விலாவாரியா போடுறேன்.

ஏமாத்தினது ஒரு கடை இல்ல. அவங்கவங்க கேம்பிங் சாமான வாடகைக்கு விடுற ஒரு ஆன்லைன் தளம், அதுல நல்ல ஸ்டார் ரேட்டிங்கோட இருந்த ஒரு ஆள். புகார் ஓடிட்டு இருக்கிறதால தளத்தோட பேரும் போடல, ஆளோட பேரும் போடல.

நானும் என் மச்சானும், அதாவது வீட்டுக்காரம்மாவோட தம்பி, வெஸ்ட் ஹைலேண்ட் வேங்கிற நீளமான நடைபாதைல நடக்கலாம்னு பிளான். கிளாஸ்கோ பக்கத்துல மில்கைல ஆரம்பிச்சு ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் 154 கிலோமீட்டர். அவன்கிட்ட பேக் இருக்கு. எனக்கு பேக், ரெண்டு பேருக்கும் சேர்த்து டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாடகைக்கு வேணும். அதுக்குத்தான் இந்த ஆள்.

நம்பினதுக்குக் காரணம் ரேட்டிங் இல்ல, ஆளோட பேச்சு. சாட்ல அவ்வளவு பொறுமையா பேசினான். உன் எடை என்ன, அதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல முதுகுல ஏத்தாத. முதல் நாள் ட்ரிமென் வரைக்கும் போனா போதும், 19 கிலோமீட்டர், பெருசா ஏத்தம் கிடையாது, கால் பழகட்டும். கேஸ் கேன் ஃப்ளைட்ல விட மாட்டாங்க, இங்க வந்து வாங்கிக்கோ. எடைய தோள் தாங்கக் கூடாது, இடுப்பு பெல்ட் தாங்கணும். எல்லாமே சரியான விஷயம், இப்பவும் சொல்றேன், ஒண்ணு கூட தப்பு இல்ல. தெரியாதவன் ஏமாத்தினா ரெண்டு கேள்வில மாட்டிப்பான், விஷயம் தெரிஞ்சவன் ஏமாத்தினா எங்க போய் கண்டுபிடிக்க. ஒவ்வொரு வாடகைக்கு அப்புறமும் டென்ட்ட விரிச்சு செக் பண்ணித்தான் உள்ள வைப்பேன்னான், ஏரிக்கரைல பளபளன்னு நிக்கிற டென்ட் ஃபோட்டோ ஒண்ணும் அனுப்பினான். வாடகை 98, டெபாசிட் 140, அப்புறம் "முழு ரூட்டுக்கும் வைல்ட் கேம்பிங் பர்மிட்" 48. மொத்தம் 286 பவுண்டு. தளத்துல கார்டு பேமெண்ட் எரர் காட்டுது, பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணிடுன்னான். பண்ணியாச்சு.

காலைல மில்கைல ஒரு பையன் வந்து பேக்க கொடுத்தான். எல்லாம் எடை பேலன்ஸ் பண்ணி அடுக்கியிருக்கு, இங்க பிரிச்சா திரும்ப உள்ள போகாது, கேம்ப்ல பிரிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வண்டி எடுத்துட்டுப் போயிட்டான். மக்டாக் காட்டுக்குள்ள நுழைஞ்சு கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், இடுப்பு பெல்ட்டோட பக்கிள் டப்புனு தெறிச்சுது. எடுத்துப் பாத்தா ஏற்கனவே விரிசல் விட்டத யாரோ பசை போட்டு ஒட்டியிருக்காங்க, மஞ்சளா காஞ்சு போன பசை விளிம்புல அப்படியே தெரியுது. இடுப்பு பெல்ட் தாங்கணும்னு எனக்குப் பாடம் எடுத்த அதே ஆள்! அதுக்கப்புறம் மொத்த எடையும் தோள்ல. பழைய ரயில் பாதை மேல சமதளமான வழி, வலது பக்கம் டம்காய்ன் குன்று, வெயில் கூட அடிச்சுது, நல்லா அனுபவிச்சு நடக்க வேண்டிய இடம் எல்லாத்தையும் பல்லக் கடிச்சிட்டே கடந்தேன். கார்ட்னெஸ்ல இருந்து தார் ரோட்டுல ட்ரிமென் பக்கம் ஏறும்போது மச்சான் அவன் பேக்க என்கிட்ட கொடுத்துட்டு இத வாங்கிக்கிட்டான்.

ட்ரிமென் தாண்டி காட்டுக்குள்ள ஒரு இடம் பிடிச்சு டென்ட்ட பிரிச்சோம். காத்து நின்னதும் மிட்ஜ்ங்கிற குட்டிக் கடிப்பூச்சிக் கூட்டம் மொய்க்குது, கண்ணு காது எல்லாம் கடி, அந்தக் கடிக்கு நடுவுல டென்ட்டோட உறைய இழுத்தா வாந்தி நாத்தம். நெஜமா வாந்தி நாத்தம். துணி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பிரிச்சா பிசுபிசுன்னு விரல்ல ஒட்டுது. உள்பக்க பாலியூரித்தேன் கோட்டிங் ஈரத்துல கெட்டுப் போனா இப்படித்தான் ஆகுமாம், அதுக்கப்புறம் அது தண்ணி தாங்காது. தையல் மேல இருக்கிற டேப் சுருள் சுருளா உரிஞ்சு கைல வருது. டென்ட் கம்பில ஒரு துண்டு நீளவாக்குல பிளந்து, மேல கருப்பு டேப் சுத்தியிருக்கு. இதையா ஒவ்வொரு தடவையும் விரிச்சு செக் பண்ணினான்?

மழை பத்து மணிக்கு மேல பிடிச்சுது. "மாமா, இது டென்ட்டா வடிகட்டியா"ன்னான் மச்சான். சிரிக்கற நிலைமைல நான் இல்ல. ஸ்லீப்பிங் பேக் நனைஞ்சு நடுங்கிட்டு இருந்தப்போ, கொஞ்சம் தள்ளி டென்ட் போட்டிருந்த ஒரு பெரியவர் டார்ச்சோட வந்து அவரோட டார்ப் ஷீட்ட மேல கட்டிக் கொடுத்தார். அவர்கிட்ட பேச்சுவாக்குல பர்மிட் பிடிஎஃப்ப காட்டினேன். பாத்துட்டு மனுஷன் தலைல அடிச்சுக்கிட்டார்.

விஷயம் இதுதான். ஸ்காட்லாந்துல 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்பா டென்ட் போட்டுத் தங்குறது நடக்க வர்றவங்களோட உரிமை, அதுக்குப் பர்மிட்டும் கிடையாது, காசும் கிடையாது. சின்னக் கூட்டமா வரணும், ஒரே இடத்துல ரெண்டு மூணு ராத்திரிக்கு மேல கூடாது, தடயம் இல்லாம விட்டுட்டுப் போகணும், அவ்வளவுதான். லாக் லோமண்ட் ஏரிய சுத்தியிருக்கிற நேஷனல் பார்க்ல மட்டும் சில பகுதிகள்ல, இந்த ரூட் போற கிழக்குக் கரைல ஒரு பகுதியும் அதுல வருது, மார்ச் 1ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் பர்மிட் வேணும். அதையும் நேஷனல் பார்க்தான் கொடுக்கும், குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட தேதிக்கு. "முழு ரூட் பர்மிட்"னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. இந்த 48 பவுண்டு பேப்பர நம்பி ஏரிக்கரைல டென்ட் போட்டிருந்தா 500 பவுண்டு வரைக்கும் ஃபைன் வேற.

காலைல ட்ரிமென் திரும்பி பஸ் பிடிச்சாச்சு. வழில அடுத்து வர்ற கானிக் ஹில் குன்றுல ஏறக்கூட இல்ல. மச்சான் லீவு போட்டு வந்தது வேஸ்ட்.

இனிமேல்தான் நாடகம். முதல் மெசேஜுக்கு உடனே பதில், ஐயோ வருத்தமா இருக்கு, ஃபோட்டோ அனுப்புங்கன்னு. அனுப்பினேன். அடுத்து, அது ஒழுகல, நீங்க விட்ட மூச்சுக்காத்து உள்ள குளிர்ந்து தண்ணியா நிக்குது, புதுசா வர்றவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னான். மூச்சுக்காத்துல ஸ்லீப்பிங் பேக்க பிழியற அளவுக்குத் தண்ணி வருமாடா? பர்மிட் பத்திக் கேட்டா அது "ஏற்பாட்டுக் கட்டணம்". டெபாசிட் கேட்டா, கம்பிய உடைச்சது நீங்கதானே, பிடிச்சாச்சு. பழைய டேப் சுத்தியிருக்கிற ஃபோட்டோவ அனுப்பினதும் பிளாக். தளத்துக்காரங்கள பிடிச்சா, நாங்க ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறதோட சரி, பணம் எங்க வழியா வரலையேன்னாங்க. பேங்க்ல கேட்டா, பொருள் கைக்கு வந்திருக்கே, அப்போ இது உங்களுக்குள்ள தகராறு, மோசடி இல்லையாம். இல்லாத பர்மிட்ட விக்கிறது மோசடி இல்லாம வேற என்ன? ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டி முடிச்சாச்சு, 286 பவுண்டு 286 பவுண்டாவே போச்சு.

விலாவாரியா எழுதுறேன்னு சொன்னேன், இப்போ அதுக்குப் பொறுமை இல்ல, பேங்க்குக்கு மறுபடி ஃபோன் போடணும். சுருக்கமா: யார் என்ன சொன்னாலும் வாங்கின இடத்துலயே டென்ட்ட பிரிங்க, மோந்து பாருங்க, ஒட்டுதான்னு விரல வச்சுப் பாருங்க, பக்கிள நாலு தடவை போட்டுக் கழட்டுங்க. பர்மிட் நேஷனல் பார்க்கோட சைட்ல மட்டும். பேங்க் டிரான்ஸ்ஃபர் வேண்டவே வேண்டாம், 100 பவுண்டுக்கு மேலன்னா கிரெடிட் கார்டுல நேரடியா கட்டுங்க, 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் 75வது பிரிவுல கார்டு கம்பெனியும் பொறுப்பு ஏத்துக்கணும்.

உங்க யாருக்காவது இதே மாதிரி "முழு ரூட் பர்மிட்" வித்திருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, பிடிஎஃப்ப அழிச்சிடாதீங்க, சேர்ந்து புகார் கொடுப்போம்.