பொருளியலா, அரசியல் அறிவியலா: அரசியல் பொருளாதாரத்துக்கு எந்த வாசல்?

அரசும் அரசியலும் பொருளாதாரமும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பது அரசியல் பொருளாதாரம். அந்தப் பெயரிலேயே இளங்கலைப் பட்டம் நம் கலைக் கல்லூரிகளில் அபூர்வம். ஆர்வமிருந்தால் பி.ஏ. பொருளியல் அல்லது பி.ஏ. அரசியல் அறிவியல் வழியாகத்தான் நுழைய வேண்டும். நான் பொருளியல் வழியாக வந்தவன். கூலி, குடும்பச் செலவு பற்றிய கணக்கெடுப்புத் தரவுகளோடு மல்லுக்கட்டுவதுதான் இப்போது பிழைப்பு. சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

யு.பி.எஸ்.சி., குரூப் 1, வங்கித் தேர்வு எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். அங்கே இரண்டும் ஒன்றுதான்.

படிப்பில் என்ன வித்தியாசம்? ரேஷன் அரிசியை எடுத்துக்கொள்வோம். 1997-இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதையே வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசிக்கு விலையும் இல்லை. இதில் கைவைக்க எந்தக் கட்சியாலும் ஏன் முடியவில்லை என்று அரசியல் அறிவியல் கேட்கும். அரிசி யார் வீட்டுக்குப் போகிறது, செலவு எவ்வளவு என்று பொருளியல் கேட்கும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் நுகர்வுப் படிவத்தில் ரேஷன் அரிசிக்கு ஒரு வரி, வெளியில் வாங்கியதற்குத் தனி வரி. அந்த இரண்டு வரிகளை வைத்தே வசதியான வீடு ரேஷன் அரிசியை எவ்வளவு சாப்பிடுகிறது என்று பார்த்துவிடலாம். முதல் கேள்வி சுவையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவதைச் செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறது.

முடிவு செய்ய வேண்டிய இடம் முதுகலைதான். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத பொருளியலிலோ அதைச் சேர்ந்த பிரிவிலோ முதுகலை கட்டாயம். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறை அதிகாரி பதவிக்கும் அப்படியே. பள்ளி வேலைக்கு வந்தாலும், பிளஸ் டூவில் பொருளியல் நடத்தும் பள்ளிகள் ஏராளம், அரசியல் அறிவியல் நடத்துபவை குறைவு. அப்புறம், பொருளியல் படித்தவர் எம்.ஏ. அரசியல் அறிவியலுக்குப் பெரும்பாலும் சிக்கலில்லாமல் மாறிவிடுவார். எதிர்த்திசையில் கணக்கு வழிமறிக்கும். நல்ல நிறுவனங்களின் எம்.ஏ. பொருளியல் நுழைவுத் தேர்வில் வகைநுண்கணிதமும் அணிகளும் நிகழ்தகவும் வரும். மூன்று வருடம் கணக்கைத் தொடாதவருக்கு அது ஏறாத மலை.

அதற்காக எல்லா பி.ஏ. பொருளியலும் உசத்தி என்றில்லை. பல கல்லூரிகளில் பிளஸ் டூவில் கணக்கு இல்லாமலே சேரலாம். சேர்ந்த பிறகும், பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசும் எகனாமெட்ரிக்ஸை கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தே தேறிவிடலாம். அப்படித் தேறியவரிடம் ஒரு தரவுக் கோப்பைக் கொடுத்தால் விழிப்பார். எனவே சேருமுன் அங்கே படிக்கும் சீனியர் ஒருவரிடம் கேளுங்கள்: புள்ளியியல் கம்ப்யூட்டரில் நடக்கிறதா, கரும்பலகையோடு சரியா? பேராசிரியர் பட்டியலை விட இந்தப் பதில் முக்கியம்.

குடிமைப் பணி மட்டுமே குறி என்றால் நிலைமை வேறு. அரசியல் அறிவியல் விருப்பப் பாடம் பொது அறிவுத் தாளின் அரசமைப்பு, வெளியுறவுப் பகுதிகளுக்கும் கைகொடுக்கும். சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கும் அது நல்ல அடித்தளம். தேர்தல் வியூக நிறுவனங்களிலும் அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கு இடமிருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த வேலையை நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, எத்தனை வருடம் நிலைக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே அரசியல் அறிவியலில் சேர்ந்துவிட்டவர்கள் பட்டத்தை விட வேண்டாம். துணைப்பாடமாகப் புள்ளியியல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தரவை அலச உதவும் 'ஆர்' (R) மென்பொருள் இலவசம். கணக்கெடுப்புத் தரவும் அரசுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே உட்கார்ந்துவிடுங்கள், மூன்றாம் ஆண்டில் நேரம் இருக்காது.